ஆம்னியில் வரும் மாப்பிள்ளை

அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்றால் முந்தின நாள் பொழுது சாயும்போதே மாப்பிள்ளை வந்து இறங்கிவிடுவார். போத்தனூரிலிருந்து வெள்ளை ஆம்னி வேனில், பின்சீட்டை மடக்கி, படுக்கவைத்தே கொண்டுவருவார்கள். சிங்காநல்லூர் பயிற்சி மையத்தின் வாசலில் வேன் நின்று ஹாரன் அடித்ததும் மாடியிலிருந்து பெண்கள் சிரித்துக்கொண்டு இறங்கி வருவார்கள். ஒருத்தி தோளைப் பிடிப்பாள், இன்னொருத்தி இடுப்பைப் பிடிப்பாள். "பாத்துப் புடிங்கடி, மாப்பிள்ளைக்குச் சுளுக்கிக்கப் போவுது" என்று ஒரு குரல் வரும். "சுளுக்குனா யாரு தடவி விடறது? நமக்குத்தான் அந்தப் பாடம் இன்னும் நடத்தவே இல்லையே" என்று படிக்கட்டின் மேலிருந்து பதில் வரும்.

மாப்பிள்ளை என்பது ஆள் உயரத்தில் இருந்த ஒரு ரப்பர் பொம்மை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கற்பவர்கள் பழகிப் பார்ப்பதற்காகச் செய்தது. அதைப் புரட்டிப் படுக்கவைக்கலாம், உட்காரவைக்கலாம், மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றலாம். ஆனால் இந்த மையத்தில் அதை யாரும் அப்படித் தொட்டதில்லை. முந்தின நாள் சாயங்காலம் அழைப்புக்கு வருவது, மறுநாள் காலையில் எல்லோருடனும் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது, மதியச் சாப்பாடு முடிந்ததும் வண்டியேறிவிடுவது. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் யாரென்று தெரியாது. வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

போத்தனூர், சிங்காநல்லூர், தொண்டாமுத்தூர் என்று மூன்று இடங்களில் அரசாங்கப் பணத்தில் மையம் நடந்தது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பொம்மை. அரசாங்கத்துக்குக் கொடுத்த கணக்கில் மூன்று.

துளசிமணி எப்போதும் தலைப்பக்கம் பிடிப்பாள். முதல் தடவை அவளும் பெண்களோடு சேர்ந்து சிரித்தாள். இப்போதெல்லாம் அந்தத் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறும்போது, ரப்பரும் பினாயிலும் யாருடைய தலையெண்ணெயோ கலந்த அந்த வாடை மூக்கில் ஏறி அவளுக்குக் குமட்டியது. வீட்டுக்குப் போய்க் கை கழுவினாலும் சோற்றைப் பிசையும்போது அந்த வாடை திரும்ப வந்தது.

அவள் பிறந்தது தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை இருந்தது. யானை வந்து குருத்தைத் தின்றுவிட்டுப் போனது போக மிஞ்சினதில் அவளைக் கட்டிக்கொடுத்தார். வீட்டுக்காரர் சிங்காநல்லூரில் ஒரு மில்லில் ஃபிட்டர். மில் மூடிய பிறகு ஒரு அபார்ட்மெண்டின் வாசலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வாட்ச்மேன் வேலைக்கு உட்கார்ந்தார். துளசிமணி மகளிர் குழுத் தலைவியாக இருந்தாள். எந்த வீட்டில் யார் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள், எந்த மருமகளுக்கு மாமியாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு வரும் நேரத்தில் போகக்கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் மையங்களை நடத்தும் சென்னிமலை அவளை வேலைக்குக் கூப்பிட்டார். அடையாள அட்டையில் அவள் 'மொபிலைசர்'. தெருவில் 'ஆள் சேக்கற அக்கா'.

அவளைப் போல ஆள் சேர்க்க யாராலும் முடியாது. வாசலில் நின்று "ஏனுங்க அம்மணி, ஊட்டுல இருக்கறீங்களா?" என்று கூப்பிடும் குரலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். உட்காரச் சொல்லாமல் உட்கார மாட்டாள். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். பெண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வாசலில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியைப் பற்றிப் பேசுவாள். கிளம்பும்போது அந்த வீட்டுக்காரி "ஆகட்டுங்க" என்பாள்.

இந்த 'ஆகட்டுங்க' என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் சரியாக எடைபோட முடியாது. சம்மதம் என்றாலும் ஆகட்டுங்க. யோசித்துச் சொல்கிறேன் என்றாலும் ஆகட்டுங்க. முடியவே முடியாது, ஆனால் அதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லி மனசைப் புண்படுத்த எனக்கு வாய் வரவில்லை என்றாலும் அதே ஆகட்டுங்கதான். துளசிமணிக்கு மூன்றும் காதில் தனித்தனியாக விழும். ஆனாலும் மூன்றையும் சம்மதமாகவே எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் மறுபடி அதே வாசலில் போய் நிற்பாள். இரண்டாம் தடவை வந்து நிற்கும் மனுஷியிடம், சொன்ன ஆகட்டுங்கவைத் திருப்பி வாங்க யாருக்கும் மனம் வராது.

முதலில் அவள் நம்பித்தான் இந்த வேலையைச் செய்தாள். முதல் பேட்ச் தையல். சொல்லிக் கொடுத்த டீச்சர் கண்டிப்பானவள். தையல் கோணினால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லுவாள். அந்தப் பெண்கள் எல்லாரும் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். அதில் இருகூரிலிருந்து வந்த ஒருத்தி வீடு கட்டிப் பால் காய்ச்சும்போது துளசிமணியைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தாள். அரசாங்கம் தன் பணத்தில் இப்படி ஒன்றைச் செய்கிறதே, அதில் நமக்கும் ஒரு கை இருக்கிறதே என்று அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு சென்னிமலைக்கு அடுத்தடுத்து மையங்கள் கிடைத்தன. டீச்சர்கள் குறைந்தார்கள், பேனர்கள் கூடின. ஹோம் நர்ஸ் கோர்ஸுக்குப் பாடம் எடுக்க பிரீத்திகா என்ற நர்ஸ் வந்தாள். கொஞ்ச நாளில் சம்பளம் வரவில்லை என்று நின்றுவிட்டாள். அவளுடைய போட்டோ மட்டும் 'எங்கள் பணியாளர்கள்' என்ற பலகையில் சிரித்துக்கொண்டு இருந்தது. பெண்கள் காலையில் வந்து வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்தார்கள், சாயங்காலம் இன்னொரு தடவை வைத்தார்கள். நடுவில் செல்போன் பார்த்தார்கள், பேன் பார்த்தார்கள், சிலர் விரல் வைத்த கையோடு வேறு வேலைக்கே போய்வந்தார்கள்.

சென்னிமலை யாரையும் அதட்டியதில்லை. அதட்டினாலாவது தேவலையே என்று துளசிமணிக்குத் தோன்றும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, எல்லாப் பெண்களையும் "கண்ணு" என்று கூப்பிடும் குழைவு. பொய்க் கையெழுத்து வாங்கும்போதுகூட "சிரமம் பாக்காம ஒண்ணே ஒண்ணு போட்டுருங்க கண்ணு" என்பார். எச்சில் இலையில் வைத்த இனிப்பு மாதிரி இருக்கும் அந்தப் பேச்சு. முகத்தைத் திருப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

இந்தத் தடவை சேர்ந்தவர்களில் பூஜிதா துளசிமணியின் லைன் வீடுகளிலேயே இருந்தவள். அவளுடைய அம்மா வெங்கடம்மாள் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சப்பாத்தி தேய்க்கிறாள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் கோயமுத்தூர்த் தமிழ். பிளஸ் டூ முடித்தபோது பூஜிதாவுக்கு நர்ஸிங் படிக்க ஆசை. வழியில்லாமல் நூறடி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றாள். நிற்கிற வேலைதான் என்றாலும் ஒழுங்கான வேலை. துளசிமணிதான் போய் அதை விடச் சொன்னாள்.

அன்றைக்கு பூஜிதா ஒன்றே ஒன்று கேட்டாள். "நெசமாலுமே சொல்லித் தருவாங்களா அக்கா?"

"தராம? கவர்மெண்டு கோர்ஸு கண்ணு" என்றாள் துளசிமணி. பிரீத்திகா அப்போது இருந்தாள். அதனால் அந்தப் பதில் பொய்யில்லை.

கோர்ஸ் முடிவதற்கு முன்பே வேலையும் வந்துவிட்டது. வீடுகளுக்கு ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சி ஒன்றும் சென்னிமலைக்கு இருந்தது. பயிற்சி கொடுப்பவரும் அவரே, வேலை கொடுப்பவரும் அவரே. கணக்கில் அது 'வேலைவாய்ப்பு' என்று ஏறும். ராமநாதபுரத்தில் ஒரு வீடு. பெரியவர் பெயர் சுந்தரராஜுலு, மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பேச்சு இல்லை, மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். மகன் வெளியூரில், மருமகள் பேங்கில் வேலை. திங்கட்கிழமையிலிருந்து பூஜிதா அங்கே போக வேண்டும்.

வீட்டைப் பார்த்துவரக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவள் தன் வீட்டுக்குப் போகாமல் துளசிமணியின் சமையலறைக்கு வந்து, அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அவரு பேச மாட்டாருங்க அக்கா. கண்ணு மட்டும் நாம போற பக்கமெல்லாம் கூடவே வருது."

"பேச்சு நின்னவங்க அப்படித்தான் கண்ணு பாப்பாங்க."

"அந்தக் குழாய்ல கஞ்சி ஊத்தோணும். தப்பா ஊத்துனா நெஞ்சுக்குள்ள எறங்கிருமாம், மூச்சு நின்னுருமாம். அந்த ஊட்டு அம்மாதான் சொன்னாங்க. சொல்லிப்போட்டு, உனக்குத் தெரியாததாம்மான்னு சிரிச்சாங்க." அவள் கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுங்க அக்கா. நான் ஒரு தடவகூட ஊத்தினதில்ல. ஒரு மனுசன எப்படிப் புரட்டிப் படுக்க வெக்கறதுன்னுகூடத் தெரியாது."

பிறகு அவள் கேட்டது சின்ன விஷயம்தான். நாளைக்கு மாப்பிள்ளை வருமே, சோதனை முடிந்ததும் அனுப்பாமல் ஞாயிற்றுக்கிழமை வரை வைத்துக்கொள்ளலாமா? பிரீத்திகா டீச்சரை ஒரே ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்க வைக்கலாமா? ஒரு நாள் பழகினால் போதும், தான் பிடித்துக்கொள்வேன் என்றாள்.

மறுநாள் சாயங்காலம் பொம்மை வந்து இறங்கியதும் துளசிமணி கீழே ஆபீஸ் அறைக்குப் போனாள். சென்னிமலை அதிகாரிக்குப் போட வேண்டிய சால்வையை உறையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். நடுவில் குறுக்கிடாமல், தலையை ஆட்டி ஆட்டி, முழுசாகக் கேட்டார்.

"நல்ல புள்ளைங்க அது. கத்துக்கோணும்னு கேக்குது பாருங்க, அதுதான் வேணும்" என்றார். பிறகு சால்வையை மடித்து உறையில் போட்டுவிட்டுச் சொன்னார். "ஆகட்டுங்க அம்மணி. செஞ்சுபோடலாம்."

வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லை நிறுத்துப் பார்த்து வந்தவள் துளசிமணி. இது எந்த ஆகட்டுங்க என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாசலில் பூஜிதா நின்றுகொண்டிருந்தாள். "சொல்லியாச்சு கண்ணு. ஆகட்டும்னுட்டாரு" என்று சொல்லிவிட்டு, அந்த முகம் தெளிவதைப் பார்க்காமல் மாடியேறினாள். மற்றவர்களுடைய ஆகட்டுங்கவைச் சம்மதமாக எழுதிக்கொண்டு போன பழக்கம், தனக்கென்று ஒன்று கிடைத்தபோதும் கையைவிட்டுப் போகவில்லை.

சோதனைக்கு வந்தவர் கதிர்வேல். தென்மாவட்டத்துக்காரர், வயது குறைவு, கண்ணில் தூக்கம். பெண்கள் இரவல் வெள்ளைக் கோட்டு போட்டு வரிசையாக நின்றார்கள். பொம்மை கட்டிலில் கழுத்து வரை போர்த்திக்கொண்டு கிடந்தது. அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே கட்டிலைச் சுற்றி வந்தார். கால்மாட்டில் போர்வை விலகியிருந்தது. பொம்மையின் உள்ளங்காலில் போத்தனூர்ப் பெண்கள் யாரோ பேனாவால் ஒரு ஹார்ட் படம் வரைந்து, அதற்குள் 'வர்ஷினி' என்று எழுதிவைத்திருந்தார்கள். கதிர்வேல் அங்கே நின்றார். அந்த வாரத்தில் போத்தனூருக்கும் சோதனைக்குப் போனவர் அவர்தான். எழுத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு போர்வையை இழுத்து அந்தக் காலை மூடிவிட்டார்.

துளசிமணி அதைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம், கேட்டிருக்கலாம். மூடிவிட்டாரே, தூங்குகிற குழந்தைக்கு மூடுவது மாதிரி.

செய்து காட்டச் சொல்லி பூஜிதாவைத்தான் கூப்பிட்டார்கள். நோயாளியைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அவள் பொம்மையின் தோளைப் பிடித்தாள். எங்கே முட்டுக் கொடுப்பது என்று தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள். கை கழன்று அவள் கையோடு வந்துவிட்டது. வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்து, சிரிப்பைக் கோட்டுக்குள் அமுக்கினாள். பூஜிதா அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"பழைய பொம்மைங்க சார். நெம்ப உபயோகத்துல இருக்கறதுங்க" என்றார் சென்னிமலை.

கதிர்வேல் தலையாட்டினார். "வேலைக்குப் போற இடத்துல ஒழுங்காச் செஞ்சிருவியாம்மா?"

பூஜிதா துளசிமணியைப் பார்த்தாள். சாயங்காலம் பழகத்தானே போகிறோம் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. "ஆகட்டுங்க சார்" என்றாள்.

அந்தப் பக்கத்துக் காது இல்லாத கதிர்வேலுக்கு அது துணிச்சலான பதிலாகப் பட்டிருக்க வேண்டும். "வெரி குட்" என்று டேப்லெட்டில் தட்டிக்கொண்டார். சால்வை போர்த்தினார்கள். பிரியாணி வந்தது.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு பூஜிதா மாடிக்கு வந்தபோது கட்டிலில் விரிப்பு மட்டும் இருந்தது. கீழே வேனின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். கழன்ற கை ஒரு பிளாஸ்டிக் பையில், டிரைவர் சின்னானின் சீட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. தொண்டாமுத்தூரில் நாளைக் காலை சோதனை என்றார் சின்னான். போகிற வழியில் யானை மறித்தால் மாப்பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லி அவரே சிரித்தார்.

துளசிமணி சென்னிமலையிடம் போனாள். "அண்ணா, நேத்துச் சொன்னேனுங்களே."

"அட, ஆமாங்க அம்மணி." நெற்றியில் தட்டிக்கொண்டார். நிஜமாகவே மறந்தவர் மாதிரி வருத்தப்பட்டார். "இந்தத் தடவ வண்டியத் தாட்டி உட்டாச்சு. அடுத்த பேட்சுக்குக் கண்டிப்பாச் செஞ்சுபோடலாம். அந்த ஊட்டுல போய் ரெண்டு நாளு செஞ்சா தானாப் பழகிக்குமுங்க. அங்க நெசமான ஆளே இருக்கறாருங்களே, பொம்மை எதுக்கு?"

பின்னாலே நின்ற பூஜிதா இதைக் கேட்டாள். அவள் அழவில்லை. கோட்டைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை துளசிமணி ராமநாதபுரத்துக்கு அந்த வீட்டைத் தேடிப் போனாள். மருமகள் மரியாதையானவள், உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். துளசிமணி சுற்றி வளைக்காமல் சொன்னாள். புள்ளை தங்கமான புள்ளை, ஆனால் யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, உயிர் விஷயம், தெரிந்த நர்ஸ் யாரையாவது ஒரு வாரம் கூட வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். மருமகள் கவலையோடு கேட்டுக்கொண்டாள். லீவு கிடைக்காது என்றாள், ஆள் கிடைப்பதே கஷ்டம் என்றாள். கிளம்பும்போது வாசல் வரை வந்து "ஆகட்டுங்க, பாத்துக்கறோம்" என்றாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது துளசிமணி அந்த ஆகட்டுங்கவை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் பூஜிதா புது யூனிஃபார்மோடு தெருமுனையில் நின்றாள். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சீக்கிரமாக வரச் சொல்லித்தான் போன் வந்ததாம். வெங்கடம்மாள் மகளுக்குத் திருநீறு பூசி அனுப்பியிருந்தாள். துளசிமணி செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினாள்.

மருமகள் பேங்குக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள். மிக்ஸியில் அடித்து வடிகட்டின கஞ்சி ஒரு டம்ளரில், பக்கத்தில் பெரிய ஊசிக்குழல். "பெட்டக் கொஞ்சம் தூக்கி வெச்சுட்டுத்தான் குடுக்கோணும், உனக்கே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே கைப்பையில் சாவியைத் தேடினாள். சுந்தரராஜுலு சுத்தமாகச் சவரம் செய்த முகத்தோடு கிடந்தார். கண் மட்டும் டம்ளரிலிருந்து பூஜிதாவின் கைக்கும், கையிலிருந்து முகத்துக்கும் போய்வந்தது.

பூஜிதா ஊசிக்குழலை எடுத்தாள். கஞ்சியை உறிஞ்சினாள். குழாயின் மூடியைத் திறக்கும்போது இரண்டு சொட்டு அவருடைய கன்னத்தில் விழுந்தது. அவர் கண்ணைச் சிமிட்டவில்லை. துளசிமணி சுவரோடு ஒட்டி நின்றாள்.

பூஜிதா ஊசிக்குழலைத் திரும்ப டம்ளருக்குள் வைத்தாள். தன் துப்பட்டாவால் பெரியவரின் கன்னத்தைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

மருமகள் சாவியோடு திரும்பினாள். "என்ன தெரியாது? சர்டிபிகேட் வந்திருமுன்னு சொன்னாங்களே. பாஸுன்னாங்களே."

"அது பொம்மைக்குக் குடுத்ததுங்க" என்றாள் பூஜிதா. குரல் உயரவில்லை. சேலை விலை சொல்வதைப் போல, மரியாதையாகச் சொன்னாள். "இவருக்கு நான் ஊத்த மாட்டனுங்க. ஏதாவது ஆயிப்போச்சுன்னா போன உசுரு நீங்க கும்புட்டாலும் வராது, நான் கும்புட்டாலும் வராது."

மருமகளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. பேங்குக்குப் போன் செய்து லீவு கேட்டாள். பிறகு சென்னிமலைக்குப் போன் செய்தாள். அவருடைய குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. அதே குழைவு. "அப்படியுங்களா? அடடா. அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் பயந்த சுபாவமுங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. சாயங்காலத்துக்குள்ள வேற புள்ளைய அனுப்பிபோடறேன். போத்தனூர் சென்டர்ல நல்லாப் படிச்ச புள்ளை ஒண்ணு இருக்குது, வர்ஷினின்னு."

பொம்மையின் உள்ளங்காலில் எழுதியிருந்த பெயர் துளசிமணிக்கு நினைவு வந்தது.

"அந்தப் புள்ளைக்கும் தெரியாதுங்க" என்று அவள் போனுக்குக் கேட்கும்படி சொன்னாள். கேட்டதோ இல்லையோ, அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். மருமகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றியும் இல்லை, சந்தேகமும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டாம், தயவுசெய்து சொல்லாதீர்கள் என்கிற கெஞ்சல்தான் இருந்தது. துளசிமணி அதற்கு மேல் பேசினாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கறிவேப்பிலைச் செடி, காபி எதுவும் இல்லாமல், கிளம்பி வெளியே வந்து வாசலில் நின்றபடி, ஒரே பொம்மை மூன்று மையம் சுற்றுகிற கதை முழுவதையும் சொல்லி முடித்தாள். மருமகள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஆகட்டுங்க" என்றாள். கேட்டைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் வர்ஷினி வந்து வேலைக்குச் சேர்ந்ததாக மையத்துப் பெண்கள் சொன்னார்கள்.

வெங்கடம்மாள் துளசிமணியுடன் பேச்சை நிறுத்திவிட்டாள். கடை வேலையையும் கெடுத்து, கிடைத்த வேலையையும் கெடுத்தவள் என்று லைன் வீடுகளில் தெலுங்கிலும் தமிழிலும் சொன்னாள். இரண்டிலுமே துளசிமணியால் மறுக்க முடியவில்லை. ஜவுளிக்கடையில் பூஜிதாவின் இடத்தில் வேறு ஆள் போட்டாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரியில் அவள் கவுண்டரில் நிற்கிறாள். தேங்காய் பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கட்டும் வேகத்தைப் பார்த்தால், எதையும் ஒரு நாளில் பிடித்துக்கொள்ளும் கை என்று தெரியும்.

புது பேட்சுக்கு ஆள் சேர்க்கச் சென்னிமலை துளசிமணியைக் கூப்பிட்டனுப்பினார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வரலீங்க அண்ணா" என்றாள். "கோவமுங்களா அம்மணி?" என்று கேட்டு, டீ சொன்னார். அவள் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். திட்டம் நடத்தும் அரசு அலுவலகத்துக்கும் ஒரு தடவை போனாள். அங்கே நன்றாகப் பேசினார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தாள். பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். 'எங்கள் பணியாளர்கள்' பலகையில் அவளுடைய போட்டோ பிரீத்திகாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறதாம்.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் அவள் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு நின்றாள். பூஜிதா மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு, கூட்டம் குறைந்ததும் கேட்டாள்.

"அந்த ஐயா எப்படி இருக்காருன்னு தெரியுங்களா அக்கா?"

தெரியவில்லை. துளசிமணி அந்தத் தெரு வழியாக ஒரு நாள் நடந்து பார்த்திருந்தாள். கேட் சாத்தியிருந்தது, ஜன்னலில் திரை போட்டிருந்தது. கொடியில் ஒரு வெள்ளைக் கோட்டு காய்ந்தது. அதை மட்டும் சொன்னாள். பூஜிதா வேறொன்றும் கேட்காமல் பப்ஸ் தட்டைத் துடைக்கப் போய்விட்டாள்.

பேக்கரிக்கு எதிரே சிக்னலில் வண்டிகள் நின்றன. வெள்ளை ஆம்னி அவற்றின் நடுவில் வந்து நின்றது. பின்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு பேனரும் அடைந்து கிடந்தன. எங்கோ இன்னொரு மையம் திறக்கிறார்கள் போலிருக்கிறது. படுக்கவைக்க இடமில்லாமல் மாப்பிள்ளையை முன்சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு துண்டு. கழன்ற கையை மறுபடி மாட்டி நூல் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். உடம்புக்கு முடியாத யாரோ ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வண்டியைப் பின்னால் தள்ளி, கையைக் காட்டி, "நீங்க மொதல்ல போங்க" என்று சின்னானுக்கு வழி விட்டார்.

துளசிமணிக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வாய் முழுக்க ஊறிவிட்டது. ஆனால் தெருவில் துப்பி அவளுக்குப் பழக்கமில்லை. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். விழுங்கிக்கொண்டாள்.